எம்.பி.க்குப் போர்த்திய பொன்னாடை

எம்.பி. படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். தோளில் மயில்பச்சைப் பொன்னாடை, நெற்றியில் சந்தனமும் குங்குமமும், இடது கையில் பாதி கடித்த ரோல்ஸ். வலது கையால் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கை கொடுத்து, "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக்கொண்டே போனார். மொன்றியலில் அவ்வளவு சந்தோஷமான முகங்களை, பனி உருகி முடிந்த முதல் வாரத்தில் மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன்.

மண்டபத்துக்குள் ஒலிவாங்கிக்கு முன்னால் ஆம்னா நின்றாள். கையில் மடித்த இரண்டு தாள்கள். அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவள் பேசுவதைக் கேட்பதற்காகத்தான் அந்த எம்.பி.யைக் கூப்பிட்டிருந்தோம்.

இந்த அநியாயத்துக்கு முழுப் பொறுப்பும் நான்தான். வேறு யாரையாவது மாட்டிவிடலாமா என்று நானும் நிறைய யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் கிடைக்கவில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, பனியில் கார் புதைந்த கதையைப் படித்த வாசகர் ஒருவர், "உங்கள் வாழ்க்கையில் நீங்கள் சரியாகச் செய்த காரியம் ஏதாவது உண்டா?" என்று கேட்டு எழுதியிருந்தார். இந்த வாரமும் அவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் கடைசிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஐம்பத்திரண்டு வயதில் மாணவன்

மொன்றியலின் லாசால் பகுதியில், போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். ஒருநாள் அது தன்னையே மூடிக்கொண்டது. வீட்டில் சும்மா இருந்து தொலைக்காட்சி பார்த்தால் என் மனைவி சாந்தி என்னையும் பழைய சாமான்களோடு வாசலில் கொண்டுபோய் வைத்துவிடுவாள் என்ற பயத்தில், நகரத்தின் நடுவிலிருந்த பல்கலைக்கழகத்தில் சமூகசேவைப் படிப்பில் சேர்ந்தேன்.

"இந்த வயசில படிச்சு டொக்டரா வரப்போறியளே?" என்று கேட்டாள் சாந்தி. ஆனால் முதல் நாள் சாப்பாட்டுப் பெட்டியை அவள்தான் கட்டித் தந்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கட்டுவதுபோல மூடியில் என் பெயரும் எழுதியிருந்தது.

வகுப்புக்குள் நுழைந்ததும் முடிக்கு நீலம் பூசிய ஒரு பெண் எழுந்து வந்து, "நல்ல காலம் வந்துவிட்டீர்கள், புரொஜெக்டர் வேலை செய்யவில்லை" என்றாள். நான் அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு, போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்த நீலமுடிப் பெண்ணின் பெயர் எலோடி. கியூபெக்காரி. பிறகு அவள்தான் என்னைத் தங்களுடைய குழுவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சூடானில், டார்ஃபூர் பகுதியில் நடக்கும் இனப்படுகொலையை நிறுத்தக் குரல் கொடுக்கும் மாணவர் குழு அது. நிலவறையில் ஓர் அறை, கால் உடைந்த ஒரு சோபா, சுவர் முழுக்கப் பதாகை. பன்னிரண்டு பேர். எனக்கு அடுத்த மூத்தவருக்கு வயது இருபத்தேழு.

நான் எத்தனையோ சங்கக் கூட்டங்களைப் பார்த்தவன். கதிரை பறந்த கூட்டங்களும் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கூட்டத்தை மட்டும் பார்த்ததே இல்லை. யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் கைதட்டமாட்டார்கள். இரண்டு கையையும் தூக்கி விரல்களைக் காற்றில் ஆட்டுவார்கள். முதல் நாள், நகப்பூச்சு காயவைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பேசுவதற்கு ஒரு வரிசை, வரிசையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், நேரம் பார்க்க இன்னொருவர். பதாகைக்கு என்ன நிறம் என்று முடிவெடுக்க ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. எல்லோருக்கும் சம்மதம் என்றால்தான் முடிவு. கடைசியில் வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்து என்று முடிவானது.

என்னைப் பேசச் சொன்னார்கள். நேரம் பார்ப்பவர் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்து மேலும் பேசினேன்.

ஆம்னா

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் அது சொந்தக் கதை. ஆம்னா டார்ஃபூரிலிருந்து வந்தவள். தாதிப் படிப்பு. மொன்றியலில் வில்லரே என்ற பகுதியில் ஒரு சின்ன அறையில் இருந்தாள். அவளுடைய தாயும் பதினான்கு வயதுத் தம்பி யாசினும் முற்றுகைக்குள் இருந்த ஒரு நகரத்தில் அகப்பட்டிருந்தார்கள். உள்ளே சாப்பாடு போக விடவில்லை, வெளியே ஆட்கள் வர விடவில்லை. எப்போதாவது சிக்னல் கிடைத்தால் யாசின் வாட்ஸப்பில் குரல் அனுப்புவான்.

ஆம்னாவும் அவனுக்குப் பதில் அனுப்பிக்கொண்டேயிருப்பாள். தான் ஏறும் பஸ்ஸின் ஜன்னலோரமாக இருந்து தெருவைப் படமெடுத்து அனுப்புவாள். பார்த்துப் பார்த்து அந்த பஸ் நிற்கும் இடங்களின் பெயரெல்லாம் அவனுக்கு வரிசையாகப் பாடமாகியிருந்தது. வில்லரேயை ஒருநாளும் மிதிக்காத பையனுக்கு எந்தத் தரிப்பில் இறங்கவேண்டும் என்று தெரியும்.

அவள் என்னை 'அம்மு' என்று கூப்பிட்டாள். அரபியில் அது சித்தப்பா என்ற மாதிரியாம். வீட்டில் வந்து சொன்னது என் பிழை. ஒரு மாதம் சாந்தி என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவேயில்லை. "அம்மு, குப்பையைக் கொண்டுபோய் வையுங்கோ."

ஒன்று சொல்லவேண்டும். ஆம்னாவும் எலோடியும் பேசியது ஆங்கிலமும் பிரெஞ்சும். என் காதுக்குள் ஏறும்போது எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். எனக்குக் கேட்டபடிதான் இனி எழுதப்போகிறேன்.

பதாகையின் மற்ற நுனி

நான் ஏன் அந்தக் குழுவுக்குப் போனேன்? இலவச சூப்புக்காக என்று சாந்தியிடம் சொன்னேன். சூப்பும் உண்மைதான்.

வன்னியில் கடைசி யுத்தம் நடந்த அந்த வசந்தத்தில் நாங்களும் இதே நகரத்தின் நடைபாதைகளில் நின்றோம். கை விறைத்துப்போகும் குளிர். பறையடித்துக் கத்தினோம். போன சனம் சிரித்துக்கொண்டே, "இன்றைக்கு உங்களுக்கு என்ன திருவிழா?" என்று கேட்டது. என் அக்கா அப்போது அங்கே இருந்தார். நாளுக்கு நூறு தடவை போன் அடித்துப் பார்ப்பேன். எடுக்க ஆளில்லை.

ஒருநாள் உயரமான மனிதர் ஒருவர் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பதாகையின் ஒரு நுனியை நான் பிடித்திருந்தேன். மற்ற நுனி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் போய் அதைப் பிடித்தார். அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். ருவாண்டாக்காரர் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போதும் அது எனக்குக் கவலை.

அக்கா உயிரோடு வந்தார். அத்தான் வரவில்லை.

ஆம்னாவின் குழுவின் பதாகையைப் பல்கலைக்கழக வாசலில் பார்த்த அன்று, அதன் ஒரு நுனியும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. போய்ப் பிடித்தேன்; எலோடி அப்படியே என்னைக் குழுவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேறு காரணம் இல்லை.

இன்னொன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த வசந்தத்தில் எங்களைப் பார்க்க வந்த அரசியல்வாதிகள் எல்லோருக்கும் நாங்கள் பொன்னாடை போர்த்தினோம். எல்லோரும் சந்தோஷமாகப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். இதிலிருந்து நான் ஏதாவது படித்திருக்கவேண்டும்.

பன்னிரண்டு நிகழ்ச்சிகள்

எலோடி பல வாரங்களாக மின்னஞ்சல் அனுப்பி, கடைசியில் ஒரு எம்.பி. சம்மதித்தார். ஆற்றுக்கு அப்பால் ஒரு தொகுதிக்காரர். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வருவார், நாற்பத்தைந்து நிமிடம் இருப்பார்.

கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் எழுந்து ஒரு நிமிடம் தங்களுக்கு முக்கியமான ஒரு விஷயத்தைச் சொல்லலாம். கோடை விடுமுறைக்கு அவை மூடுவதற்கு முன், அந்த ஒரு நிமிடத்தை அவர் ஆம்னாவின் நகரத்துக்குத் தரவேண்டும்; சாப்பாடு போகப் பாதை திறக்கச் சொல்லவேண்டும்.

"அங்க சொன்னால் அது பதிவில இருக்கும் அம்மு" என்றாள் ஆம்னா. "பேந்து ஒருத்தரும் தங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லேலாது."

நிகழ்ச்சி ஒழுங்கை யார் பார்ப்பது என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். பன்னிரண்டு பேரும் விரலை ஆட்டினார்கள். ஒரு கோப்பிக் கேத்தலும் நான்கு கதிரையும் போடுவேன் என்றுதான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள், பாவம்.

நான் நேரே வில்லரேயில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குகன் அண்ணையிடம் போனேன். முப்பது வருடமாக அவருடைய மைக் செட் இல்லாமல் மொன்றியலில் எங்கள் ஆட்களின் நிகழ்ச்சி நடந்ததில்லை. அறிவிப்பாளரும் அவர்தான். கடையில் குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெட்டி பொன்னாடை இருக்கும். கருவாட்டு வாசம் லேசாக வரும்; போர்த்தப்படுபவர் பெருமையில் அதைக் கவனிப்பதில்லை.

"எம்.பி. எண்டால் சும்மா விடேலாது தம்பி. எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?"

"நாற்பத்தைஞ்சு நிமிசம்தான் அண்ணை."

"தாராளம். அதுக்குள்ள ஒரு கலியாணமே செய்து வைக்கலாம். அந்தப் பிள்ளையை எத்தினையாவதாப் போடுறது?"

"அவள்தானே அண்ணை முக்கியம். சிறப்புரை. கடைசியில போடுங்கோ."

இங்கேதான் பிழை நடந்தது. எங்கள் நிகழ்ச்சிகளில் முக்கியமானவர் கடைசியில்தான் பேசுவார். முதலில் பேசுபவர் ஒலிவாங்கியைச் சோதிக்கிறவர் மாதிரி. அவருடைய பேச்சை அவர் மனைவிகூடக் கேட்பதில்லை. சனம் வந்து, கதிரை நிரம்பி, எல்லோரும் அடங்கியபிறகு வருவதுதான் சிறப்புரை. ஆம்னாவை அந்த இடத்தில் போட்டது அவள்மேல் இருந்த மரியாதையால்தான். பன்னிரண்டு நிகழ்ச்சிகளில் அவள் பதினோராவது. அவளுக்குப் பிறகு நன்றியுரை மட்டும்தான்.

இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் முன்னால்

எம்.பி. இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்துவிட்டார். என் ஐம்பத்திரண்டு வருட அனுபவத்தில் பிரதம விருந்தினர் ஒருவர் நேரத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. குகன் அண்ணை அப்போதுதான் வயர் இழுத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பன்னீர் தெளித்தோம். அது எம்.பி.யின் உதவியாளராக வந்த இளைஞரின் கையிலிருந்த டாப்லெட்டில் விழுந்தது. சந்தனம், குங்குமம், கற்கண்டு. பிறகு மங்கல விளக்கு. மண்டபத்தில் நெருப்பு வைக்கக்கூடாது என்று காவலாளி சொல்லியிருந்ததால், குத்துவிளக்கின் ஐந்து முகத்திலும் பற்றரி மெழுகுதிரி வைத்திருந்தோம். ஐந்து பேரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார் அண்ணை. ஒவ்வொருவரும் மெழுகுதிரியைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணாடியைப் போட்டு, சுவிட்சைத் தேடினார்கள்.

மாண்டவர்களுக்காக அகவணக்கம் ஒரு நிமிடம். அன்றைக்குச் சொன்ன நேரத்துக்குள் முடிந்தது அது ஒன்றுதான்.

வரவேற்பு நடனம், அண்ணையின் மூன்று பேத்திகள். பாட்டு நடுவில் நின்றுவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்தான். ஆனால் அண்ணை, "பிள்ளையள் பாவம்" என்று முதலிலிருந்து போட்டார். பிறகு வரவேற்புரை. அது நான். நான்கு நிமிடம் என்று எழுதிவைத்திருந்தேன். அந்த நான்கு நிமிடத்தில் வந்திருந்தவர்களை விளித்து முடித்தேன். பிறகு பேசத் தொடங்கினேன்.

பின்வரிசையில் எலோடி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி எனக்கு ஏதோ காட்டினாள். பாராட்டு என்று மறுபடியும் நம்பினேன்.

பொன்னாடையை இரண்டு தடவை போர்த்தினோம். முதல் தடவை போட்டோ எடுத்தவரை யாரோ மறைத்துவிட்டார்கள். எம்.பி. மிகவும் ஒத்துழைத்தார். கழற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்தார். ஆம்னா முன்வரிசையில் இரண்டு தாளையும் விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள்.

"அடுத்ததாக, நீங்கள் எல்லோரும் ஆவலுடன் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் சிறப்புரை!" என்று அண்ணை அறிவித்தபோது உதவியாளர் எம்.பி.யின் காதுக்குள் குனிந்தார். எம்.பி. கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். எங்கள் கலாசாரம் அருமை என்றார், தன் மகளுக்குச் சொல்லுவேன் என்றார், அடுத்த கூட்டத்துக்குப் பிந்திவிட்டது என்று மன்னிப்பும் கேட்டார். வெறும் கையோடு போகவிடக்கூடாது என்று அண்ணை ஓடிப்போய் ஒரு ரோல்ஸைக் கையில் திணித்தார்.

அப்படித்தான் அவர் படியிறங்கினார். அப்படித்தான் ஆம்னா நின்றாள்.

எல்லோரும் போனபிறகு நான் அவளிடம் போனேன். வாயில் ஒன்றும் வரவில்லை. வரவேண்டியதெல்லாம் வரவேற்புரையிலேயே வந்து முடிந்துவிட்டது.

"பரவாயில்லை அம்மு. நிகழ்ச்சி வடிவா இருந்தது" என்றாள்.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொன்னேன். இருநூறு ரோல்ஸ் சுற்றிப் பொரித்த களைப்பில் கதிரையில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "கதைக்கவேண்டிய பிள்ளையை நிக்கவைச்சுப்போட்டு நீங்கள் கதைச்சனீங்களோ? உங்களுக்கு விசரே?"

குசினிக்குப் போய், ரோல்ஸ் பொரித்த சட்டியைக் கழுவி வைத்தேன்.

கையில்தான் கொடுக்கவேண்டும்

குழுவின் அடுத்த கூட்டத்தில் என்னைப் பற்றித்தான் முதல் விஷயம். எங்கள் சங்கம் என்றால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். இவர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் எப்படி உணர்ந்தார்கள் என்று மென்மையாகச் சொன்னார்கள். அது இன்னும் மோசம். என் முறை வந்தபோது, "பிழை என்னுடையது. மன்னியுங்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு பேரும் விரலை ஆட்டினார்கள். இந்தமுறை உண்மையாகவே பாராட்டுத்தான்.

எலோடி மறுபடி நேரம் கேட்டு எழுதினாள். இலையுதிர்காலம் வரை இடமில்லை என்று உதவியாளர் பதில் போட்டார். அவை மூட இரண்டு கிழமைதான் இருந்தது. ஆம்னா தாள்களைப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் குகன் அண்ணை போன் எடுத்தார்.

"தம்பி, எம்.பி.யின்ர படம் பிறேம் போட்டாச்சு. எப்ப கொண்டுபோய்க் குடுக்கிறது?"

பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்திய படத்தைச் சட்டம் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது அண்ணையின் வழக்கம். தபாலில் அனுப்பமாட்டார், யாரிடமும் கொடுத்துவிடமாட்டார். விருந்தினரின் கையில்தான் கொடுப்பார்.

"அண்ணை, நாளைக்கே போவம். ஆம்னாவையும் கூட்டிக்கொண்டு."

படம் அரைக்கதவு அளவு இருந்தது. மஞ்சள் வழி மெத்ரோவில், ஆற்றுக்கு அடியால், மூன்று பேரும் அதைச் சுமந்துகொண்டு லொங்குய்ய் வரை போனோம். நானும் ஆம்னாவும் பதற்றத்தில் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தோம். ஒரு வயதான அம்மா படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், என் கையைத் தொட்டு ஆழ்ந்த அனுதாபம் சொன்னார். மறுக்கத் தெரியாமல் நானும் நன்றி சொன்னேன்.

அங்கிருந்து பஸ் எடுத்து எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனோம். அதே உதவியாளர். குகன் அண்ணையைக் கண்டதும் டாப்லெட்டை மேசைக்குக் கீழே வைத்தார்.

"வைச்சிட்டுப் போங்கோ, நான் குடுக்கிறன்."

"எங்கட வழக்கப்படி கையிலதான் குடுக்கவேணும்" என்றேன். "அவசரமில்லை. நாங்கள் இருக்கிறம்."

இருந்தோம். அண்ணை கடைக்காரர், நாள் முழுக்க ஓரிடத்தில் இருந்து பழகியவர். ஒன்றேகால் மணித்தியாலம் கழித்து எம்.பி. சாப்பாட்டுக்கு வெளியே வந்தார். கதவைத் திறந்ததும் பொன்னாடை போர்த்தியபடி தானே எதிரில் நிற்பதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். பத்து நிமிடம் இருக்கிறது, உள்ளே வாருங்கள் என்றார்.

அண்ணை தொண்டையைச் செருமி, "மாண்புமிகு—" என்று தொடங்கினார். நான் அவருடைய காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன்.

"இது உங்கட படம். இவள் ஆம்னா. அண்டைக்குக் கதைக்க இருந்தது இவள்தான்" என்றேன். என் வாழ்க்கையிலேயே சின்ன வரவேற்புரை அது.

ஆம்னா தாள்களை விரித்தாள். முதல் வரி இதுதான்: "என்னுடைய அம்மா இப்போது மாட்டுத் தீவனம் சமைக்கிறார்."

நிலக்கடலையில் எண்ணெய் பிழிந்தபிறகு மிஞ்சும் புண்ணாக்கு. மாட்டுக்குப் போடுவது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, அவித்து, யாசினுக்குக் கொடுக்கிறார். தான் சாப்பிட்டுவிட்டதாக அவனுக்குப் பொய் சொல்லுகிறார். இப்படிப் போனது அந்தத் தாள். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு அவள் இருந்திருக்கிறாள். பக்கத்து மேசையில் நான் இருநூறு ரோல்ஸை அடுக்கிவைத்திருந்தேன்.

நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் இரண்டாவது தாளுக்கு வந்தபோது எம்.பி. படத்தைக் கீழே வைத்துவிட்டார். தம்பியின் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதினார். பிறகு, "என்னிடம் இருப்பது ஒரு நிமிடம்தான். இதை ஒரு நிமிடத்துக்குச் சுருக்கித் தரமுடியுமா?" என்றார்.

ஒரு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் குசினி மேசையில் சுருக்கினோம். ஆம்னா வாசிப்பாள். நேரம் பார்ப்பவன் நான். ஆம், நான்தான். சாந்தி இடியப்பம் அவிக்க நேரம் வைக்கும் மணியைத் திருகித் திருகி வைத்தேன். முதலில் நான்கு நிமிடம் வந்தது. கூட வந்திருந்த எலோடி, சட்டச் சொற்கள் எல்லாம் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

"சட்டத்தை எல்லாரும் சொல்லுவினம். புண்ணாக்கை நான் மட்டும்தான் சொல்லுவன்" என்றாள் ஆம்னா.

யாசினுக்கு பஸ் தரிப்பெல்லாம் பாடம் என்ற வரியை வெட்டும்போது மட்டும் அவள் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வெட்டினாள். சாந்தி அவளுடைய தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள்.

அவை மூடுவதற்கு இரண்டு நாள் முன்னால், நிலவறையில் கால் உடைந்த சோபாவில் நெருக்கிக்கொண்டு மடிக்கணினியைப் பார்த்தோம். குகன் அண்ணையும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். எம்.பி. எழுந்தார். அவையில் பாதிக் கதிரை காலி. அவர் வாசித்தார். அந்த நகரத்தைச் சொன்னார், இனப்படுகொலை என்ற சொல்லைச் சொன்னார், புண்ணாக்கைச் சொன்னார், யாசினைச் சொன்னார், பாதையைத் திறக்கச் சொன்னார். ஐம்பத்தெட்டு விநாடி. நான் மணியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

அறை முழுக்க விரல்கள் காற்றில் ஆடின. குகன் அண்ணை மட்டும் எழுந்து நின்று படபடவென்று கைதட்டினார். ஒரு விநாடி எல்லோரும் திகைத்தார்கள். பிறகு எல்லோருமே தட்டினார்கள். எலோடியும் தட்டினாள்.

ஆம்னா விரலையும் ஆட்டவில்லை, கையையும் தட்டவில்லை. அந்த ஒரு நிமிடத்தைத் தன் போனில் பதிந்து தம்பிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். கூடவே, எம்.பி. பொன்னாடையோடு நிற்கும் படத்தையும் அனுப்பினாள்.

அந்த ஒரு நிமிடத்தால் பாதை திறக்கவில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அது பதிவில் இருக்கிறது. தெரியாது என்று இனி யாரும் சொல்லமுடியாது.

வாட்ஸப்பில் ஒரு சரி அடையாளம் விழுந்தால் செய்தி போய்விட்டது, இரண்டு விழுந்தால் கிடைத்துவிட்டது. ஒரு கிழமைக்கு மேலாக ஒன்றுதான் இருந்தது. பிறகு ஒரு மத்தியானம், மெத்ரோ வாசலில், ஆம்னா ஓடிவந்து போனை என் காதில் வைத்தாள்.

சிரிப்பு. ஒரு பையனின் சிரிப்பு. அடக்க முயன்று, முடியாமல், மறுபடி வெடிக்கும் சிரிப்பு. பின்னால் ஒரு பெண் குரல் ஏதோ கேட்கிறது. பிறகு அவன் ஏதோ கேட்கிறான்.

"என்ன கேக்கிறான்?" என்றேன்.

"அந்த ஐயா ஏன் ஜன்னல் சீலையைப் போத்திக்கொண்டு நிக்கிறாராம்." அவளும் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள். "நீங்கள்தானே போத்தினனீங்கள். நீங்களே சொல்லுங்கோ அம்மு."

பொன்னாடை என்றால் என்ன, அதை ஏன் போர்த்துகிறோம், இரண்டு தடவை போர்த்தவேண்டி வந்தது ஏன், எல்லாவற்றையும் அவளுடைய போனில் குரலாகப் பதியும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கூடக்கூட அரபியில் சொன்னாள். நீ வில்லரேக்கு வரும்போது உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன், கருவாட்டு வாசம் இல்லாததாகப் பார்த்து எடுக்கிறேன் என்றும் சொன்னேன். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

ஆம்னா அந்தக் குரல்பதிவைத் தம்பிக்கு அனுப்பிவிட்டு, என் போனுக்கும் அனுப்பி, யாசினுடைய இலக்கத்தையும் தந்தாள். அன்றைக்கே என் போனிலிருந்தும் அவனுக்கு அனுப்பினேன். தினமும் காலையில் பல்துலக்க முன்னர் எடுத்துப் பார்க்கிறேன். இதை எழுதும் இன்றும் பார்த்தேன். ஒரு சரி அடையாளம்தான் இருக்கிறது.

குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் இருந்த பெட்டியிலிருந்து நீலத்தில் ஒரு பொன்னாடை எடுத்து, வெயிலில் காயவைத்து, அலுமாரியில் மடித்து வைத்திருக்கிறேன். முக்கியமானவர்கள் கடைசியில்தான் வருவார்கள் என்று நான் இன்னும் நம்புகிறேன்.